மேல்கட்டில்

மூன்றாவது கேள்வி:
நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?
லிஜி சிஸ்டர் மலையாளத்தில் கேட்டாள்.
அவள் பக்கத்தில், அபாயாவின் கையை
முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு
பேனாவோடு காத்திருந்தாள் சுஆத்.

மேல்கட்டில் என்றேன்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.
ரத்தம், திருமணம், முதலாளி, மற்றவை.
இருந்ததே நான்கு கட்டம்தான்.
வாதி கபீரில் ஆறு பேர் அறையில்
இன்னாசியண்ணன் கீழே, நான் மேலே,
ஏழு வருஷமாக.
ஒரே ஊர்கூட இல்லை.
அவர் மூக்கையூர், நான் கயத்தாறு.
அவர் சாரம் கட்டுகிறவர்,
நான் ஏசி மெக்கானிக்குக் கையாள்.
சுஆத் வலமிருந்து இடமாக என்னவோ எழுதினாள்.
என்னவென்று நான் கேட்கவில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்
பார்த்துக்கொள்கிறீர்கள்?

நேரமெல்லாம் யார் பார்த்தது.
நாலு மணிக்கு ஒருக்களித்துப் படுக்கவைக்கணும்,
முதுகு புண்ணாகாமல்.
பையைக் காலி பண்ணி, துடைத்து, பவுடர் போட்டு,
கஞ்சி வலது கன்னத்தில் தங்கிவிடாமல்
கொஞ்சம் கொஞ்சமாய் ஊட்டணும்.
ஐந்தரைக்குக் கம்பெனி வண்டி.
பகலில் ரஃபிகுல் இருக்கிறான்,
பேக்கரியில் ராத்திரி வேலை அவனுக்கு,
பாதித் தூக்கத்திலேயே தண்ணி கொடுப்பான்.
ஆறரைக்கு நான் வந்ததும்
முதலிலிருந்து எல்லாம் மறுபடி.
ஒன்பது ஆகிவிடும்.

ராத்திரி?

ராத்திரி ஒன்றுமில்லை.
ஒரு நூல் மட்டும்.

என்ன நூல்?

பேச்சு வராதில்லையா அவருக்கு.
இடதுகைதான் மிச்சம்.
அந்த மணிக்கட்டில் ஒரு நைலான் நூல்,
மறுமுனை என் கால் பெருவிரலில்.
ஒருதரம் இழுத்தால் தாகம்,
இரண்டுதரம் இழுத்தால் ஈரம்,
விடாமல் இழுத்தால் பயம்.

இதை அரபியில் சொல்ல லிஜிக்கு நேரமானது.
சுஆத் எழுதியதை அடித்தாள்.
நூலுக்கு ஏழு மணி நேரம் போட்டாள்.
கம்பெனிக்குப் பதிமூன்று.
கூட்டினாள், இருபத்துநாலு வந்தது.
எங்கோ விட்டுவிட்டோம் என்று
மறுபடி கூட்டினாள்.

பனி உண்டோ, என்றாள் லிஜி என்னிடம்.
ஆகஸ்ட் மாசம் மஸ்கட்டில் ஏது பனி?
அவள் ஊரில் காய்ச்சலுக்கு அந்தப் பேராம்.
நெற்றியில் புறங்கை வைத்துப் பார்த்தாள்.
அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை.

உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?

எல் சைஸ் டயப்பர். காற்று மெத்தை.
தூதரகத்தில் கிடக்கிற அந்தக் காகிதம்
கொஞ்சம் சீக்கிரம் வந்தால்

அதெல்லாம் அவருக்கு.
உங்களுக்கு?

ஜன்னல் ஏசி சொட்டிக்கொண்டிருந்தது.
வடிகுழாய் நழுவியிருக்கும்,
எழுந்துபோய் மாட்டிவிடலாமா என்று பார்த்தேன்.
பேனா அசையாமல் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை, என்றேன் கடைசியில்.

மூன்று வாரத்தில் சிலது வந்தது.
தூக்காமல் திருப்ப ஒரு வழுக்குத் துணி.
இடுப்பை விட்டு முழங்காலை மடக்கச் சொல்லி
ஒரு மணி நேரப் பாடம்.
ஃபோர்மேனுக்கு ஒரு கடிதம்,
அதை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்,
இன்னும் அங்கேதான் இருக்கிறது.
மெத்தை வரவில்லை.
குருங் வந்தான், ருவியிலிருந்து,
நேப்பாளிப் பையன்,
வெள்ளிதோறும் ஆறிலிருந்து பத்து வரை.

முதல் வெள்ளி கண் விழித்தபோது
வெயில் வேறு சுவரில் இருந்தது.
பத்தேகால்.
பதறிக் காலை இழுத்தேன்.
கனமே இல்லாமல்
கூடவே வந்துவிட்டது நூல்.

அறுந்திருக்கும் என்று நினைத்தேன்.
முனை முழுசாக இருந்தது.
நான் போட்ட இரட்டை முடிச்சைக் காணோம்,
அங்கே நைலானில் வரிசையாகப் பல்தடம்.

இருபத்தாறு வருஷம்
பதினோராம் மாடிக் காற்றில்
கட்டியும் அவிழ்த்தும் வாழ்ந்த மனுஷன்.

குனிந்து பார்த்தேன்.
நேரம் தாண்டியும் போகாமல்
குருங் தரையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.
இன்னாசியண்ணன் சட்டென்று
கண்ணை மூடிக்கொண்டார்,
தூங்குகிறவர் மாதிரி.